நார்டிக் நாடுகளின் விலையும் வாழ்வும்: முதன்முறை செல்வோருக்கான வழிகாட்டி

ஸ்வீடன், நார்வே, டென்மார்க், பின்லாந்து, ஐஸ்லாந்து ஆகிய நாடுகளுக்குப் புறப்படுவோர் மனத்தில் இரண்டு கருத்துகள் முன்கூட்டியே குடியேறியிருக்கின்றன. அங்கே எதைத் தொட்டாலும் யானை விலை, குதிரை விலை என்பது ஒன்று. அங்கே சோசலிசம் நடைமுறையில் இருப்பதால் எல்லாம் இலவசம் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் எப்படி ஒரே நாட்டில் பொருந்தும் என்று கேட்டுப் பார்த்தால் பயணத்துக்குத் தேவையான முதல் அறிவு கிடைத்துவிடும். மற்றொரு மனிதரின் உழைப்பு நேரம் கலந்த பொருளும் சேவையும் அங்கே விலை மிகுந்தவை. எல்லோரும் பகிர்ந்துகொள்ளும்படி அமைக்கப்பட்டவை மலிவானவை அல்லது கட்டணமற்றவை. இந்த ஒரு விதியைக் கையில் வைத்துக்கொண்டு திட்டமிடுபவர், நடுத்தர வருமானத்திலும் அந்நாடுகளை நிறைவாகப் பார்த்துவிட முடியும். கீழே வரும் படிகள் அனைத்தும் இந்த விதியிலிருந்து பிறப்பவை.

முதற்படி: எந்த அமைப்புக்குள் போகிறோம் என்று தெரிந்துகொள்ளுதல்

சோசலிசம் என்பதற்குத் தொழிற்சாலைகளும் வணிகமும் அரசின் கையில் இருப்பது என்று பொருள் கொண்டால், இந்நாடுகள் சோசலிச நாடுகள் அல்ல. ஐக்கியா, வோல்வோ, லெகோ, நோக்கியா போன்றவை தனியார் மூலதனத்தில் வளர்ந்து, உலகச் சந்தையில் போட்டியிட்டுப் பெரிதானவை. 2015இல் டென்மார்க்கின் பிரதமராக இருந்த லார்ஸ் லொக்கே ராஸ்முசன், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பேசும்போது, தம் நாடு திட்டமிட்ட சோசலிசப் பொருளாதாரம் அன்று, சந்தைப் பொருளாதாரமே என்று வெளிப்படையாக விளக்கினார். ஸ்வீடன் 2004இல் வாரிசுரிமை வரியையும் 2007இல் ஒருவரின் மொத்தச் செல்வத்தின் மீதான செல்வ வரியையும் நீக்கியது. 1992 முதல் அங்கே பெற்றோர் விரும்பினால் அரசுப் பணத்தில் தனியார் பள்ளியைத் தேர்ந்தெடுக்கலாம்.

ஆனால் அங்கே நடந்தது வெறும் சந்தையின் வளர்ச்சியும் அன்று. 1928இல் ஸ்வீடிஷ் சமூக ஜனநாயகக் கட்சித் தலைவர் பெர் ஆல்பின் ஹான்சன், நாடு என்பது மக்களின் இல்லமாக இருக்க வேண்டும் என்றும், நல்ல இல்லத்தில் செல்லப்பிள்ளையும் இல்லை, மாற்றாந்தாய்ப் பிள்ளையும் இல்லை என்றும் பேசினார். பத்து ஆண்டுகள் கழித்து, 1938இல், சால்ட்ஷோபாடன் என்ற ஊரில் முதலாளிகள் கூட்டமைப்பும் தொழிற்சங்கக் கூட்டமைப்பும் ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டு, ஊதியச் சிக்கல்களை அரசின் தலையீடு இல்லாமல் தமக்குள்ளேயே தீர்த்துக்கொள்ளும் முறையை நிலைநாட்டின. உடைமை தனியாரிடம் இருக்கட்டும், விளைச்சலின் பெரும்பங்கு வரியாகவும் ஊதியமாகவும் எல்லோரிடமும் போய்ச் சேரட்டும் என்பதே அந்த ஏற்பாட்டின் சாரம். உடைமையையே படிப்படியாகத் தொழிலாளர் பக்கம் மாற்றும் நோக்கத்தில் பிறந்து, வெகுவாக நீர்த்துப்போன வடிவில் 1983இல் ஸ்வீடனில் சட்டமான, நிறுவன இலாபத்தின் ஒரு பகுதியால் பங்குகளை வாங்கும் ஊழியர் நிதியங்களுக்கு எதிராக, அவ்வாண்டு அக்டோபர் 4 அன்று ஸ்டாக்ஹோமில் பெரும் ஊர்வலம் நடந்தது. 1991இல் ஆட்சி மாறியபின் அந்நிதியங்கள் கலைக்கப்பட்டன.

நார்வேயைத் தனியாக எண்ணிப் பார்க்க வேண்டும். 1969இல் வட கடலில் கண்டறியப்பட்ட எண்ணெயின் வருமானம் அரசுக்கே பெரும்பாலும் போகிறது. ஈக்வினோர் எண்ணெய் நிறுவனத்தின் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்குச் சொந்தம். அந்தப் பணம் 1996 முதல் எதிர்காலத் தலைமுறைக்கான நிதியமாகச் சேர்த்து வைக்கப்படுகிறது. உலகப் பங்குச் சந்தைகளில் பட்டியலிடப்பட்ட பங்குகளில் ஏறத்தாழ ஒன்றரை விழுக்காடு இன்று அந்நிதியத்திடம் உள்ளது. ஸ்வீடன் நீக்கிய செல்வ வரியும் அங்கே தொடர்கிறது. ஆகவே ஐந்து நாடுகளையும் ஒரே அச்சில் வார்த்ததாகக் கருதிக்கொண்டு போவது முதல் பிழை.

இரண்டாம் படி: விலைச்சீட்டைப் பிரித்துப் படித்தல்

இறங்கிய முதல் நாளில் ஒவ்வொரு விலையையும் ரூபாயில் பெருக்கிப் பார்க்கும் பழக்கம் எல்லோருக்கும் வரும். செலவுக் கணக்குக்கு அது தேவைதான்; ஆனால் அந்த விலை ஏன் அப்படி இருக்கிறது என்பதை அது சொல்லாது. அதற்கு விலையைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, ஸ்டாக்ஹோமில் முடி வெட்டிக்கொள்ள 500 குரோனா என்று வைத்துக்கொள்வோம். அங்கே மதிப்புக் கூட்டு வரியின் பொது விகிதம் 25 விழுக்காடு; எழுதியிருக்கும் விலையில் அது ஏற்கெனவே அடங்கியிருக்கும். எனவே 100 குரோனா நேராக அரசுக்குப் போகிறது. மீதமுள்ள 400இல் முடிதிருத்துபவரின் ஊதியம் 200 என்று கொண்டால், அதன்மேல் 31.42 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 63 குரோனாவை, ஓய்வூதியத்துக்கும் நோய்க்காலக் காப்பீட்டுக்குமான முதலாளியின் பங்களிப்பாகக் கடைக்காரர் கட்ட வேண்டும். எஞ்சிய 137இல் கடை வாடகை, மின்சாரம், கருவிகள், இலாபம் அனைத்தும் அடங்கும். அந்த 200 குரோனா பெற்றவரும் தம் நகராட்சிக்கும் வட்டாரத்துக்கும் வருமான வரி கட்டுவார். அதன் நாடளாவிய சராசரி விகிதம் ஏறத்தாழ 32 விழுக்காடு, சில கழிவுகள் போக உண்மையில் கட்டுவது சற்றுக் குறையும். இப்படிப் பார்த்தால், நாம் கொடுத்த 500இல் ஒரு பெரும்பகுதி குழந்தைக் காப்பகத்துக்கும் மருத்துவமனைக்கும் பள்ளிக்கூட மதிய உணவுக்கும் போய்ச் சேர்கிறது.

உள்ளூர்க்காரர் அந்தப் பணத்தை வேறு வழியில் திரும்பப் பெறுகிறார். ஸ்வீடனில் ஒரு குழந்தைக்குப் பெற்றோர் இருவருக்குமாகச் சேர்த்து 480 நாள் ஊதிய ஈட்டு விடுப்பு உண்டு; பின்லாந்திலும் ஸ்வீடனிலும் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு இலவசம்; டென்மார்க்கில் வசிப்பவர் குடும்ப மருத்துவரைப் பார்க்கக் கட்டணம் இல்லை. பயணியோ கொடுக்கும் பக்கத்தில் மட்டும் நிற்கிறார். விலை நமக்கு உறுத்துவதும் அவர்களுக்கு அவ்வளவாக உறுத்தாததும் இதனால்தான். இதை அநீதி என்று நான் எண்ணவில்லை. நமக்குப் பாதுகாப்பான தெருவையும் நேரத்துக்கு வரும் பேருந்தையும் அந்த வரியே தருகிறது.

வரி விகிதங்கள் நாட்டுக்கு நாடு மாறுவதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள். டென்மார்க்கில் உணவுக்கும் 25 விழுக்காடுதான், சலுகை விகிதம் இல்லை. நார்வேயில் கடையில் வாங்கும் உணவுக்கு 15. பின்லாந்தின் பொது விகிதம் 2024 செப்டம்பர் முதல் 25.5. ஐஸ்லாந்தில் பொது விகிதம் 24, உணவுக்கு 11.

மூன்றாம் படி: ஊதியத்தின் தன்மையை அறிதல்

இந்நாடுகளைப் பற்றி நம்மிடையே அதிகம் பேசப்படாத, ஆனால் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றும் செய்தி இது: ஸ்வீடனிலும் டென்மார்க்கிலும் நார்வேயிலும் பொதுவான குறைந்தபட்ச ஊதியச் சட்டம் இல்லை. ஒவ்வொரு தொழிலுக்கும் தொழிற்சங்கமும் முதலாளிகள் அமைப்பும் பேசி எழுதும் கூட்டு ஒப்பந்தமே ஊதியத்தை முடிவு செய்கிறது. ஸ்வீடனில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது ஊழியர்கள் இத்தகைய ஒப்பந்தத்தின் கீழ் வருகிறார்கள். கையெழுத்திட மறுக்கும் நிறுவனத்துக்கு எதிராக மற்றத் தொழில்களின் சங்கங்களும் துணை நிற்கலாம். டெஸ்லா நிறுவனத்தின் பணிமனைகளில் 2023 அக்டோபரில் உலோகத் தொழிலாளர் சங்கம் வேலைநிறுத்தம் தொடங்கியபோது, துறைமுகத் தொழிலாளர்கள் அந்நிறுவனத்தின் கார்களை இறக்க மறுத்தார்கள். அஞ்சல் ஊழியர்கள் அதன் எண் பலகைகளைக் கொண்டுசேர்க்க மறுத்தார்கள்.

இதன் விளைவாக, தட்டு கழுவுபவருக்கும் அலுவலக அதிகாரிக்கும் இடையிலான ஊதிய இடைவெளி நமக்குப் பழக்கமானதைவிட மிகச் சிறியது. உணவகத்தில் பரிமாறுபவர் நம் தயவில் வாழ்பவர் அல்லர். எனவே அன்பளிப்புப் பணம் கொடுப்பது கட்டாயமில்லை, எதிர்பார்க்கப்படுவதுமில்லை. அட்டைக் கருவி அதற்கென ஒரு தொகையைக் கேட்டாலும் தயக்கமின்றித் தவிர்க்கலாம். அவரை ஏவும் தொனியில் அழைக்காமல், வரிசையில் நின்று, நமக்கு வேண்டியதை நாமே எடுத்துக்கொண்டு, சாப்பிட்ட தட்டை உரிய இடத்தில் வைத்துவிட்டு வருவதே அங்கே நாகரிகம். பிறர் உழைப்பைக் குறைவாகப் பயன்படுத்துவது அங்கே மரியாதையும் ஆகிறது, சிக்கனமும் ஆகிறது.

நான்காம் படி: பணம் செலுத்தும் ஏற்பாடு

ஸ்வீடனில் ரொக்கம் வாங்காத கடைகள் ஏராளம். சந்தைக் கடையில்கூட அட்டையோ கைப்பேசியோதான் செல்லும். உள்ளூர் மக்கள் பணம் செலுத்தப் பயன்படுத்தும் கைப்பேசிச் செயலிகளான ஸ்வீடனின் ஸ்விஷ், நார்வேயின் விப்ஸ், டென்மார்க்கின் மொபைல்பே ஆகியவற்றுக்கு உள்ளூர் வங்கிக் கணக்கும் அடையாள எண்ணும் தேவைப்படுவதால், குறுகிய காலப் பயணிக்கு அவை உதவா. வெவ்வேறு வங்கிகளின் இரண்டு அட்டைகளை எடுத்துச் சென்று தனித்தனியே வைத்துக்கொள்ளுங்கள். கருவி ரூபாயில் செலுத்தவா என்று கேட்டால் உள்ளூர் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். இல்லையெனில் மாற்று விகிதத்தில் வீணாக இழப்பீர்கள். பின்லாந்து மட்டுமே யூரோ நாடு. ஸ்வீடன், நார்வே, டென்மார்க், ஐஸ்லாந்து நான்கின் நாணயங்களும் பெயரளவில் ஒத்திருந்தாலும் மதிப்பில் வெவ்வேறு. ஒன்றின் தாளை மற்றொன்றில் கொடுக்க முடியாது.

ஐந்தாம் படி: உணவு

செலவை அதிகம் கட்டுப்படுத்த முடியும் இடம் இதுதான். இரவு உணவுக்கு உணவகம் போவதை அங்குள்ள குடும்பங்களே எப்போதாவது ஒருமுறைதான் செய்கின்றன. ஸ்வீடனிலும் பின்லாந்திலும் வேலை நாள்களில் மதிய நேரத்தில் மட்டும் ‘இன்றைய உணவு’ என்ற ஒரு தொகுப்பு உணவகங்களில் கிடைக்கும். முதன்மை உணவோடு காய்கறிக் கலவை, ரொட்டி, தண்ணீர், பல இடங்களில் காப்பியும் அதே விலையில் அடங்கும். அதே உணவகத்தின் இரவு விலையோடு ஒப்பிட்டால் இது கணிசமாகக் குறைவு. எனவே வெளியே சாப்பிடுவதென்றால் மதியமே சாப்பிடுங்கள்.

மற்ற வேளைகளுக்கு மலிவு விலைப் பேரங்காடிகளின் பெயர்களை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்: நார்வேயில் ரெமா 1000, கிவி, ஸ்வீடனில் வில்லிஸ், லிடில், டென்மார்க்கில் நெட்டோ, பின்லாந்தில் லிடில், பிரிஸ்மா, ஐஸ்லாந்தில் போனுஸ். நார்வேயில் பெரும்பாலான பேரங்காடிகள் ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும். சிறிய கடைகளே திறந்திருக்கும், அவற்றின் விலை கூடுதல். ஆஸ்லோவின் குரோன்லாண்ட் பகுதியில் புலம்பெயர்ந்தோர் நடத்தும் காய்கறிக் கடைகளில் கத்தரிக்காய், கொத்தமல்லி, பச்சை மிளகாய், பருப்பு எல்லாம் பேரங்காடியைவிட மலிவாகக் கிடைக்கும். நார்வேயில் வாழும் ஈழத் தமிழர்களில் பலர் எண்பதுகளில் வடக்கே ஃபின்மார்க் கரையின் மீன் பதனிடும் ஆலைகளில் வேலைக்குச் சேர்ந்து வாழ்வைத் தொடங்கியவர்கள். இன்று அவர்கள் பிள்ளைகள் நாடாளுமன்றம் வரை சென்றிருக்கிறார்கள். அவர்கள் நடத்தும் கடையில் இரண்டு வார்த்தை தமிழில் பேசினால், எந்தப் பயண நூலிலும் இல்லாத விலை விவரம் கிடைக்கும்.

நார்வே மக்களிடம் ஒரு நல்ல வழக்கம் உண்டு. அமைச்சகத்தில் பணிபுரிபவரும் கட்டடத் தொழிலாளியும் ரொட்டித் துண்டுகளில் பாலாடைக்கட்டியோ மீனோ வைத்துத் தாளில் பொதிந்து மதியத்துக்கு எடுத்துச் செல்கிறார்கள். கட்டுச்சோறு கட்டிக்கொண்டு பயணம் போவதில் தேர்ந்த நமக்கு இது சொல்லித் தர வேண்டியதில்லை. விடுதியில் சமையலறை இருக்கிறதா என்று முன்பதிவின்போதே உறுதி செய்துகொண்டு, காலையில் எலுமிச்சை சாதமோ சப்பாத்தியோ செய்து எடுத்துக்கொண்டு கிளம்பினால் ஒரு நாள் செலவில் பெரும்பகுதி மிச்சம். குழாய்த் தண்ணீர் மிகத் தூய்மையானது. புட்டித் தண்ணீர் வாங்கவே வேண்டாம்.

வாங்கிய குளிர்பானப் புட்டியையும் தகரக் குவளையையும் எறிந்துவிடாதீர்கள். விலையோடு ஒரு வைப்புத்தொகையும் பெறப்பட்டிருக்கும். நார்வேயில் அளவைப் பொறுத்து 2 அல்லது 3 குரோனர். பேரங்காடி வாசலில் உள்ள இயந்திரத்தில் போட்டால் சீட்டு வரும், அதைப் பணமாக மாற்றிக்கொள்ளலாம்.

மது அருந்துவோருக்கு ஒரு குறிப்பு. டென்மார்க்கைத் தவிர மற்ற நான்கு நாடுகளிலும் வலிமை மிகுந்த மது பெரும்பாலும் அரசு நிறுவனத்தின் கடைகளில்தான் சில்லறையாக விற்கப்படும்; வரியும் கடுமை. ஸ்வீடனில் அக்கடைகள் சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு மூடப்படும், ஞாயிறு முழுதும் விடுமுறை.

ஆறாம் படி: தங்குமிடம்

இளைஞர் விடுதிகளில் படுக்கை விரிப்புக்குத் தனிக் கட்டணம் வாங்குவது அங்கே வழக்கம். சொந்தமாக ஒரு விரிப்பும் தலையணை உறையும் கொண்டுசென்றால் அது மிச்சமாகும். பெருநகர ஓட்டல்கள் பெரும்பாலும் அலுவலகப் பயணிகளை நம்பி இருப்பதால், வார இறுதியில் விலை குறைவதைப் பார்க்கலாம்; அறை வாடகையில் காலை உணவு பெரும்பாலும் அடங்கியிருக்கும், அது நிறைவானதாகவும் இருக்கும்.

ஆனால் இந்நாடுகளின் உண்மையான செல்வம் கூரைக்கு வெளியே இருக்கிறது. நார்வே, ஸ்வீடன், பின்லாந்து மூன்றிலும் பண்படுத்தப்படாத நிலத்தில், அது யாருக்குச் சொந்தமானாலும், நடக்கவும் காட்டுப்பழம் பறிக்கவும் கூடாரம் அடித்து இரவு தங்கவும் எவருக்கும் உரிமை உண்டு. குடிமகனா, அயல்நாட்டவரா என்ற வேறுபாடு இல்லை. நார்வேயில் இது 1957ஆம் ஆண்டுச் சட்டத்தில் எழுதப்பட்டுள்ளது: குடியிருப்பிலிருந்து குறைந்தது 150 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும், பொதுவாக ஒரே இடத்தில் இரண்டு இரவுக்குமேல் தங்குவதற்கு நில உரிமையாளரின் இசைவு வேண்டும், ஏப்ரல் 15 முதல் செப்டம்பர் 15 வரை காட்டிலும் காட்டோரத்திலும் நெருப்பு மூட்டக் கூடாது. டென்மார்க்கில் இந்த உரிமை இவ்வளவு விரிவாக இல்லை. குறிக்கப்பட்ட காடுகளிலும் மரக் குடில்களிலும் மட்டுமே தங்கலாம். நிலத்தின் உடைமையைத் தனியாரிடமே விட்டுவிட்டு, நிலத்தின் பயனை எல்லோருக்கும் திறந்துவைக்கும் இந்த ஏற்பாட்டைவிட அந்நாடுகளின் அரசியல் சிந்தனையைத் தெளிவாகக் காட்டும் எதையும் நான் அங்கே பார்க்கவில்லை.

1868இல் தொடங்கப்பட்ட நார்வே மலையேறுவோர் சங்கம் நாடெங்கும் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட குடில்களை நடத்துகிறது. அவற்றில் ஒருவகைக் குடிலில் காவலாள் இல்லை. உறுப்பினருக்குத் தரப்படும் பொதுச்சாவியால் திறந்து உள்ளே போய், விறகு எடுத்து அடுப்பு மூட்டி, அலமாரியில் இருக்கும் உணவை எடுத்துச் சமைத்து, எடுத்தவற்றைத் தாமே எழுதி, அதற்கான பணத்தைத் தாமே செலுத்திவிட்டு, இடத்தைக் கூட்டிப் பெருக்கிவிட்டு வர வேண்டும். வேலையாளுக்கான செலவு இல்லாததால் கட்டணம் குறைகிறது. யாரும் ஏமாற்றுவதில்லை என்ற நம்பிக்கையே அதைச் சாத்தியமாக்குகிறது. அந்த நம்பிக்கையைக் காப்பது நம் பொறுப்பும் ஆகும்.

ஏழாம் படி: பொது இடங்களைப் பயன்படுத்துதல்

குளிர் நாளில் காப்பிக் கடையில் ஒதுங்கிப் பணம் கொடுப்பதைவிட நூலகத்துக்குப் போங்கள். ஹெல்சிங்கியில் நாடாளுமன்றத்தின் எதிரே 2018இல் திறக்கப்பட்ட ஓடி நூலகத்தில் படிப்பதோடு தையல் இயந்திரமும் முப்பரிமாண அச்சுக் கருவியும்கூடப் பயன்படுத்தலாம். ஆஸ்லோவில் இசை நாடக அரங்கின் அருகே 2020இல் திறக்கப்பட்ட தைக்மான் நூலகமும் அத்தகையதே. உள்ளே நுழைய யாரும் அட்டை கேட்பதில்லை. வெப்பமும் கழிப்பறையும் இணையமும் அமைதியும் இலவசம். நடைவண்டியில் குழந்தையோடு வந்த தந்தையும் வேலை தேடும் அகதியும் ஓய்வுபெற்ற முதியவரும் ஒரே மேசையில் அமர்ந்திருக்கும் காட்சியை அங்கே தவறாமல் காணலாம். கோபன்ஹேகனில் இஸ்லாண்ட்ஸ் பிரிகே துறைமுகக் குளியலிடத்தில் கோடையில் நீந்தக் கட்டணம் இல்லை. ஆஸ்லோவின் விகெலாண்ட் சிற்பப் பூங்கா இரவும் பகலும் திறந்தே கிடக்கும்.

போக்குவரத்தில், நீண்டதூர இரயில் சீட்டை முன்கூட்டி வாங்கினால் விலை பெரிதும் குறையும். நகரங்களில் பல இடங்களில் நுழைவுத் தடுப்பே இருக்காது. அதனால் சீட்டில்லாமல் போகலாம் என்று எண்ண வேண்டாம், சோதகர் வந்தால் தண்டம் கடுமையானது.

எட்டாம் படி: நோய்வாய்ப்பட்டால்

மருத்துவம் இலவசம் என்ற செய்தி அங்கே பதிவு பெற்று வசிப்பவருக்கு மட்டும் பொருந்தும். ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வரும் பயணி முழுச் செலவையும் ஏற்க வேண்டும். இந்நாடுகளுக்குள் நுழையத் தேவைப்படும் ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்பீடு கட்டாயம். அதைச் சடங்குக்காக வாங்காமல், அதன் விதிகளைப் படித்து வாங்குங்கள். அங்கு வசிக்கும் பெரியவர்களே பல் மருத்துவத்துக்குப் பெரும்பாலும் சொந்தப் பணம் செலவழிக்கிறார்கள். நல அரசின் இந்த இடைவெளி எனக்கு இன்றும் ஏற்புடையதாக இல்லை, ஏனெனில் வருமானம் குறைந்தவரே முதலில் பல்லை இழக்கிறார். பல்வலி இருந்தால் ஊரிலேயே சரிசெய்துகொண்டு புறப்படுங்கள். அவசர உதவிக்கு 112. நார்வேயில் ஆம்புலன்சுக்கு 113.

ஒன்பதாம் படி: தங்கிவிட எண்ணுவோருக்கு

பயணமாகப் போய்ப் பார்த்துவிட்டு, படிக்கவோ வேலை செய்யவோ திரும்பிச் செல்வோர் பலர். கல்வி முற்றிலும் இலவசம் என்ற பழைய தகவலை அவர்கள் நம்ப வேண்டாம். ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் டென்மார்க் 2006 முதலும், ஸ்வீடன் 2011 முதலும், பின்லாந்து 2017 முதலும், நார்வே 2023 முதலும் கட்டணம் பெறுகின்றன.

வேலைக்குப் போவோர் முதலில் செய்ய வேண்டியது பதிவு. ஸ்வீடனில் ஓராண்டோ அதற்குமேலோ தங்க அனுமதி பெற்றவர் வரித்துறையில் பதிந்து தனிநபர் எண் பெற வேண்டும். அந்த எண் இல்லாமல் வங்கிக் கணக்கு, மின்னணு அடையாளம், கைப்பேசி ஒப்பந்தம் எதுவும் எளிதில் கிடைக்காது. நார்வேயில் வரி அட்டை பெறாமல் வேலையைத் தொடங்கினால் முதலாளி ஊதியத்தில் பாதியை வரியாகப் பிடித்துவிடுவார். டென்மார்க்கில் அது 55 விழுக்காடு. கூடுதலாகப் பிடித்தது பின்னர்த் திரும்பி வரும், ஆனால் முதல் மாத வாடகைக்கு உதவாது.

வீடுதான் கடினமான பகுதி. ஸ்டாக்ஹோமில் கட்டுப்படுத்தப்பட்ட வாடகை வீட்டுக்கான வரிசையில் பல ஆண்டுகள் காத்திருக்க நேரும். முன்பே வந்தவருக்கு அது பாதுகாப்பு, புதியவருக்கு மூடிய கதவு. தனிநபர் எண் கிடைத்த அன்றே வரிசையில் பெயரைப் பதிந்துவிட்டு, அதுவரை உள்வாடகைக்குப் பாருங்கள். வீட்டை நேரில் பார்க்காமல் எவருக்கும் முன்பணம் அனுப்பாதீர்கள். நார்வேயில் முன்வைப்புத் தொகை ஆறு மாத வாடகையைத் தாண்டக் கூடாது, அதை உங்கள் பெயரிலான தனி வைப்புக் கணக்கிலேயே போட வேண்டும் என்பது சட்டம். உரிமையாளர் தம் சொந்தக் கணக்குக்கு அனுப்பச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், அந்த நிறுவனம் கூட்டு ஒப்பந்தத்தின் கீழ் வருகிறதா என்று கேளுங்கள். இக்கேள்வியை அங்கே யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. ஸ்வீடன், டென்மார்க், பின்லாந்து மூன்றிலும் வருமானத்தை ஒட்டிய வேலையின்மைக் காப்பீடு தானாக வருவதன்று. அதற்கான நிதியத்தில் நாமே உறுப்பினராக வேண்டும், உறுப்பினராகி ஓராண்டு நிறைந்தபின்பே பொதுவாக அதன் பயன் கிடைக்கும். முதல் மாத ஊதியம் கைக்கு வந்ததும் அந்த விண்ணப்பத்தை அனுப்பிவிடுங்கள்.